பசை போடாதீர்கள், அந்தச் சுக்கான் சுழல வேண்டும்

கைரீனியாக் கப்பலின் மர மாடல் கிட் இது. 1965இல் சைப்ரஸ் கடலடியில் முக்குளிப்பவர் ஒருவர் கண்டுபிடித்த கிரேக்கச் சரக்குக் கப்பல். வயது ஏறக்குறைய 2300 ஆண்டு. நிஜக் கப்பல் சுமார் 14 மீட்டர், மாடல் 44 செ.மீ. செய்து முடிக்க எனக்கு நாற்பது நாள் ஆனது.

பலகைகள் அருமை. வெந்நீரில் ஊறப்போட்டாலே சொன்னபடி வளைகின்றன. பாய் கட்டத் தந்த நூல்தான் மோசம், சிலும்பு சிலும்பாகப் பிரிகிறது. மெழுகு தடவிய நூல் வாங்கி மாற்றிக்கொண்டேன்.

என் வருத்தம் சுக்கானில். அந்தக் காலக் கப்பலுக்குப் பின்பக்க நடுவில் சுக்கான் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய துடுப்புகள் சாய்வாக இறங்கியிருக்கும். அவற்றைத் துழாவிக் கப்பலைத் திருப்புவதில்லை. தண்டில் குறுக்கே செருகிய சின்னக் கைப்பிடியைத் தள்ளினால் தண்டு நின்ற இடத்திலேயே சுழலும், கீழே அலகின், அதாவது துடுப்பின் அகன்ற பலகையின், கோணம் மாறும். அலகு தண்டுக்கு இருபுறமும் விரிந்திருப்பதால் தண்ணீரின் அழுத்தம் பெருமளவு தானே சமனாகிவிடும். அதனால் பெரிய கப்பலையும் ஒரே ஆள் பிடிக்க முடிந்தது. கப்பல் சாய்ந்து ஒரு துடுப்பு மேலெழுந்தாலும் மற்றது நீருக்குள் இருக்கும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

செய்முறைத் தாளோ இதைப் பசை போட்டு ஒட்டச் சொல்கிறது. எனக்குக் கோபமே வந்தது. துளையை உருண்டை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, மெல்லிய தோல் வாரால் கட்டினேன். இப்போது விரல் நுனியால் தொட்டாலே சுழல்கிறது.

பாய் விஷயத்தில் கிட் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈய வளையங்கள் கிடைத்தன. பாயின் முகப்பில் அவற்றைத் தைத்து, கீழ் விளிம்பிலிருந்து கயிறுகளை வளையங்களுக்குள் ஓட்டி, மேலே குறுக்குக் கழியைத் தாண்டிப் பின்பக்கம் கொண்டுவருவார்கள். கயிற்றை இழுத்தால் பாய் மடிந்து மேலேறும். பாய்மரத்தில் ஏற வேண்டியதில்லை. கிட்டில் 60 பித்தளை வளையங்கள். தைக்க மூன்று மாலைகள் போயின, கண் வலித்தது, ஆனாலும் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

முடித்ததும் தொட்டித் தண்ணீரில் விட்டு, பின்னாலிருந்து மேசை விசிறியை ஓட்டினேன். நேராகப் போனது. அப்புறம் இடப்பக்கக் கயிறுகளை மட்டும் இழுத்துக் கட்டி மறுபடி விட்டேன். வலப்பாதி மட்டும் காற்றில் புடைத்தது. சுக்கானைத் தொடவே இல்லை, அணியம், அதாவது கப்பலின் முன்முனை, மெல்ல இடப்பக்கம் திரும்பியது.