கூத்து கேட்ட காதுக்கு ஒரு இங்கிலீஷ் ஆல்பம்: ‘லீஜ் அண்ட் லீஃப்’

எட்டே பாட்டு, சுமார் 40 நிமிடம். தருமபுரியில் ஏறி காரிமங்கலம், காவேரிப்பட்டணம் தாண்டி கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் பஸ்ஸில் கேட்க வேண்டாம். ஏன் என்பது பின்னால்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழு 1969 டிசம்பரில் வெளியிட்ட ஆல்பம் இது. ஃபோக் ராக், அதாவது நாட்டுப்பாட்டை ராக் வாத்தியங்களோடு பாடுவது, என்றால் என்ன என்று கேட்பவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியதும் இதுதான். நம்ம ஊர்த் திருவிழா ரீமிக்ஸில் என்ன நடக்கிறது? கதைப்பாட்டில் இரண்டு வரியைக் கிள்ளி எடுத்து, அதன் தலையில் பீட்டை ஏற்றுகிறார்கள், கதை செத்துப்போகிறது. இவர்கள் அப்படியே தலைகீழ். எலெக்ட்ரிக் கிதார், பேஸ் (அடிக்குரல் கிதார்), டிரம்ஸ் மூன்றும் பாட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன.

அதே வருடம் மே மாதம் இவர்கள் வேன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, 19 வயது டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். மிச்சமிருந்தவர்கள் ஹாம்ப்ஷயரில் ஒரு வீடு பிடித்துத் தங்கி, புது ஆட்களோடு ஒத்திகை பார்த்தார்கள். வயலினுக்கு டேவ் ஸ்வார்ப்ரிக், டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்தார். மாட்டக்ஸ் நடனக் குழுக்களில் வாசித்துப் பழகியவர் என்பது இங்கே முக்கியம். தேவையில்லாத ஒரு அடி விழாது.

மூன்றாவது பாட்டு ‘மேட்டி க்ரோவ்ஸ்’ ஒன்றுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். எட்டு நிமிடச் சொச்சம், பல்லவி கிடையாது, ஒரே மெட்டு, சரணத்துக்குச் சரணம் கதை மட்டும் நகரும். ஒரு பிரபுவின் மனைவி மேட்டி என்பவனை ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடி, ஆற்றை நீந்திக் கடந்து, பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். வந்து நிற்கும் பிரபு, ஆயுதம் இல்லாதவனை அடிக்கமாட்டேன் என்று தன் இரண்டு வாளில் நல்லதை மேட்டிக்குக் கொடுக்கிறான். அப்படியும் மேட்டிதான் சாகிறான். ‘இப்போது யாரைப் பிடிக்கிறது?’ என்கிறான் மனைவியிடம். செத்தவன்தான் என்கிறாள். அவளும் சாகிறாள். கடைசியில் இருவரையும் ஒரே குழியில் போடச் சொல்லும்போதும், அவள் உயர்குலம், மேலே வையுங்கள் என்கிறான்! பாடகி சாண்டி டென்னி இத்தனையையும் குரலில் நடிக்காமல், விம்மாமல் சொல்லிக்கொண்டே போகிறார். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகல் முன்னால் நின்றால் கிடைக்கும் உணர்வு: இன்னான் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான், அவ்வளவுதான், அழுகை நம்முடையது. கதை முடிந்ததும் பாட்டு முடிவதில்லை. வயலினும் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிதாரும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கின்றன. பாரதக் கூத்தின் படுகளத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தை யாரும் விளக்க வேண்டாம்.

ஏழாவது ‘டாம் லின்’. தேவதைகளின் ராணி பிடித்து வைத்தவனை ஜேனட் என்ற பெண் மீட்கும் கதை. அவன் அவள் கைக்குள்ளேயே பாம்பாக, சிங்கமாக மாறுவான். அவள் பிடியை விடக்கூடாது. கிதார் இங்கே இழுத்து வாசிக்காமல் வெட்டி வெட்டி விழுகிறது. ஒவ்வொரு வெட்டும் பிடியை இறுக்குகிற மாதிரி இருக்கும்.

மற்றவை வேகமாக. ‘ரெய்னார்டின்’ இருட்டில் புகை மாதிரி மெதுவாகப் பரவும் பாட்டு, அருமை. ‘ஃபேர்வெல் ஃபேர்வெல்’ பழைய மெட்டுக்குத் தாம்ப்சன் எழுதிய புது வரிகள், சின்னது, குறையில்லாதது. முதல் பாட்டு ‘கம் ஆல் யீ’ திரைக்குப் பின்னால் நின்று பாடும் வரவுப் பாட்டு மாதிரி ஆரவாரமாக இருக்கும், கொஞ்சம் மிகையும்கூட. ‘தி டெசர்ட்டர்’தான் ஆல்பத்தில் தொய்வு. தப்பியோடிய சிப்பாயை இளவரசர் வந்து மன்னிக்கும் முடிவு சப்பென்று இருக்கிறது.

கேட்கும் முறை. போன் ஸ்பீக்கரில் ஹட்சிங்ஸின் பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போகும். பஸ் எஞ்சின் இரைச்சலும் அதையேதான் விழுங்கும். பேஸ் போனால் ‘டாம் லின்’ வெறும் கிதார் இரைச்சல். அதனால் வீட்டில், ஹெட்போனில். பேஸ் பூஸ்டையும் போடாதீர்கள், டென்னியின் குரல் கலங்கும். ஷஃபிள் (பாட்டு வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் ‘ரெய்னார்டின்’ அடங்கும் முன்பே மேட்டி நுழைந்துவிடுவான். முதல் தடவை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை மூன்றுக்கும் ஏழுக்கும் மட்டும் பாட்டு வரிகளைத் திறந்து வையுங்கள். பழைய இங்கிலீஷ்தான், ஆனால் கதை தெரிந்த பிறகு கண் தடுக்காது.

ஐலண்ட் நிறுவனத்தின் பிங்க் லேபிள் ஒட்டிய பழைய எல்பி இசைத்தட்டு சேகரிப்பாளர்களுக்கானது. கேட்பதற்கு 2002 ரீமாஸ்டரே (ஒலியைச் சீராக்கிய மறுவெளியீடு) தாராளம். அதில் ஒட்டுச் சேர்க்கையாக இரண்டு பாட்டு இருக்கும். அவை மோசமில்லை. ஆனாலும் எட்டாவது ‘கிரேஸி மேன் மைக்கேல்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.