கோ கம்பைலரின் பதிப்புப் பதிவு வசதி: ஒரு மதிப்பாய்வு

சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தவறாக நடந்துகொள்ளும்போது முதலில் எழும் கேள்வி, அது எந்த மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப்பட்டது (இயங்கும் வடிவுக்கு மாற்றப்பட்டது) என்பதுதான். இதற்கு உறுதியான விடை கிடைக்காதவரை, பிழையைத் தேடிச் செய்யும் மற்ற எல்லா வேலையும் ஊகத்தின் மேல்தான் நிற்கும். திருத்திய பதிப்புதான் சர்வரில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பழைய பைனரியோடு (கம்பைல் செய்து கிடைக்கும் இயங்கு கோப்போடு) மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் குழுக்கள் இத்துறையில் ஏராளம். கூகுளில் உருவாகி 2009-இல் அறிவிக்கப்பட்ட கோ மொழியின் கம்பைலர், இந்த விடையைப் பைனரிக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதியைப் படிப்படியாக வளர்த்து வந்திருக்கிறது. அன்றாடப் பணியில் நான் சார்ந்திருக்கும் அந்த வசதியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். எழுதிவைக்கும் தகவலின் தரத்தில் இதற்குக் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை; ஆனால் எதையாவது எழுதாமல் விடும்போது, விட்டுவிட்டேன் என்று அது சொல்வதில்லை. இதன் பெரிய குறை அதுவே.

முதலில் பழைய வழியைப் பார்ப்போம், ஏனென்றால் இன்றும் பல குழுக்கள் அதையே பயன்படுத்துகின்றன. நிரலில் 'வெர்ஷன்' என்று ஒரு மாறியை வைத்துக்கொண்டு, பில்ட் செய்யும் (மூலநிரலைப் பைனரியாக்கும்) நேரத்தில், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கருக்கு 'எக்ஸ்' என்ற ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக்குறி) வழியாக அதன் மதிப்பைக் கொடுப்பது அந்த வழி. கம்பைல் ஆன பிறகு, இணைக்கும் கட்டத்தில் லிங்கர் அந்த மாறியின் மதிப்பை மாற்றி எழுதுகிறது. கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும் இதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. மாறி சர (எழுத்துத்தொடர்) வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்; அதற்குத் தொடக்க மதிப்பே இருக்கக்கூடாது, இருந்தால் அது நிலையான சரமாக இருக்க வேண்டும். ஒரு செயற்கூற்றை அழைத்துத் தொடக்க மதிப்பைப் பெறும் மாறிக்கு லிங்கர் என்ன கொடுத்தாலும், நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில் அது அழிந்துவிடும். மாறி முதன்மைப் பொதியில் (பொதி என்பது ஒரே கோப்புறையில் உள்ள கோ கோப்புகளின் தொகுப்பு) இருந்தால் பெயருக்கு முன் 'மெயின்' என்று மட்டும் எழுத வேண்டும். வேறு பொதியில் இருந்தால் அதன் முழு இறக்குமதிப் பாதையையும் எழுத வேண்டும்.

இந்த நிபந்தனைகளை மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். எண் வகை மாறிக்கு மதிப்பு கொடுத்தால் லிங்கர் பிழை சொல்லி நிறுத்துகிறது, அது சரி. ஆனால் மாறியின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும், பொதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுப் பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திருத்த மறந்தாலும், மாறியை மாறிலியாக மாற்றிவிட்டாலும் லிங்கர் வாயே திறப்பதில்லை. பில்ட் வெற்றி என்று வந்துவிடும். பைனரி மட்டும் வெற்றுச் சரத்தையோ பழைய தொடக்க மதிப்பையோ காட்டிக்கொண்டிருக்கும். இத்தோடு இன்னொரு பொறியும் உண்டு. லிங்கர் ஃபிளாக்குகளை ஒரே கட்டளையில் இரண்டு முறை தனித்தனியாகக் கொடுத்தால் அவை ஒன்றுசேர்வதில்லை, கடைசியாகக் கொடுத்தது மட்டுமே செல்லும். பைனரியின் அளவைக் குறைக்க யாரோ ஒருவர் பில்ட் கட்டளையின் இறுதியில் ஒரு ஃபிளாக்கைச் சேர்த்தவுடன் பதிப்பு எண் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2022 மார்ச் மாதம் வெளிவந்த 1.18 பதிப்பு இந்த நிலையை அடியோடு மாற்றியது. ஸ்கிரிப்ட் எதுவும் எழுதாமலேயே, 'கோ பில்ட்' கட்டளை, மூலநிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தைத் தானே கேட்டறிந்து மூன்று தகவல்களைப் பைனரியில் பதிக்கத் தொடங்கியது: கமிட்டின் (களஞ்சியத்தில் சேமித்த மாற்றப் பதிவின்) முழு அடையாள எண், அந்தக் கமிட்டின் நேரம், கமிட் செய்யப்படாத மாற்றங்கள் இருந்தனவா என்பது. இவற்றோடு கோ பதிப்பு, இயங்குதளம், செயலிக் கட்டமைப்பு, சி மொழி நிரலை இணைக்க உதவும் சிகோ இயக்கத்தில் இருந்ததா, எந்தெந்தப் பில்ட் ஃபிளாக்குகள் கொடுக்கப்பட்டன என்பவையும், சார்ந்திருக்கும் ஒவ்வொரு தொகுதியின் (ஒரே பதிப்பாக வெளியிடப்படும் பொதிகளின் தொகுப்பின்) பதிப்பும் சரிபார்ப்புத் தொகையும் இடம்பெறுகின்றன. நிரலுக்குள்ளிருந்து இவற்றைப் படிக்க 'ரீட் பில்ட் இன்ஃபோ' என்ற செயற்கூறு இருக்கிறது. வெளியிலிருந்து படிக்க 'கோ வெர்ஷன்' கட்டளைக்கு 'எம்' ஃபிளாக்கைக் கொடுத்துப் பைனரியின் பெயரைச் சொன்னால் போதும். நிரலை இயக்கவே வேண்டியதில்லை, வேறு இயங்குதளத்துக்காகக் கம்பைல் செய்த பைனரியையும் படிக்கலாம். குறியீட்டு அட்டவணையையும் பிழைத்திருத்தத் தகவலையும் நீக்கிச் சுருக்கிய பைனரியிலும் இந்தப் பதிவு அப்படியே இருக்கும். பாதுகாப்புக் குறைகளைத் தேடும் 'கோவல்ன்செக்' கருவி, மூலநிரல் கையில் இல்லாதபோதும் பைனரியை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடிவது இந்தத் தொகுதிப் பட்டியலால்தான்.

இதில் பதியப்படும் நேரம் கமிட்டின் நேரமே தவிர, பில்ட் செய்த நேரம் அல்ல. இது மிகச் சரியான தேர்வு. சி மொழியில் கம்பைல் செய்யும்போது தேதியாகவும் நேரமாகவும் மாறும் மேக்ரோக்களைப் பதிப்புத் தகவலாகப் பயன்படுத்தும் பழக்கம் நீண்டகாலமாக இருக்கிறது. அதனால் ஒரே மூலநிரலை இரண்டு முறை கம்பைல் செய்தால் இரண்டு வெவ்வேறு பைனரிகள் கிடைக்கும், இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியிருக்காது. சி மொழிக்கான ஜிசிசி கம்பைலர் இந்த மேக்ரோக்களுக்குத் தனி எச்சரிக்கையும், நேரத்தை வெளியிலிருந்து நிர்ணயிக்கச் சூழல் மாறியும் தர வேண்டி வந்தது இதனால்தான். கோவில் அந்தச் சிக்கல் எழுவதே இல்லை. பில்ட் செய்த நேரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பழைய லிங்கர் ஃபிளாக் வழியையே நாட வேண்டும். அது தேவையில்லாத ஆசை என்பது என் கருத்து.

2025 பிப்ரவரியில் வந்த 1.24 பதிப்பு கடைசி இடைவெளியையும் நிரப்பியது. அதுவரை, உள்ளூரில் பில்ட் செய்த பைனரியில் முதன்மைத் தொகுதியின் பதிப்பு 'டெவல்' என்று மட்டும் இருக்கும். இப்போது கமிட்டில் டேக் (பதிப்புப் பெயர்க் குறி) இருந்தால் அதுவே பதிப்பாகிறது. டேக் இல்லாவிட்டால் கமிட்டின் நேரமும் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளும் சேர்ந்த போலிப் பதிப்பு எண் உருவாகிறது. கமிட் செய்யாத மாற்றங்கள் இருந்தால் இறுதியில் 'டர்ட்டி' என்ற ஒட்டு சேர்கிறது. தானியங்கிப் பில்ட் சர்வர்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. வரலாறு இல்லாமல் கடைசிக் கமிட்டை மட்டும் எடுக்கும் ஆழமற்ற நகலில் பழைய டேக்குகள் வந்து சேராது என்பதால், அங்கே பதிப்பு எண் பூச்சியத்திலிருந்து தொடங்குவதைப் பார்க்கலாம். கம்பைலர் தவறு செய்யவில்லை; அதற்குக் கொடுக்கப்பட்ட களஞ்சியத்தில் அந்தத் தகவல் இல்லை.

பிழைகளில் அதிகம் பேரை அலைக்கழிப்பது 'எக்ஸிட் ஸ்டேட்டஸ் 128' என்று முடியும் செய்திதான். களஞ்சியத்தின் நிலையை அறிய முடியவில்லை என்று சொல்லிவிட்டு, பதிவு வசதியையே நிறுத்திவிடும் ஃபிளாக்கைப் பயன்படுத்துமாறு அது யோசனை கூறும். இதன் வரலாறு தெரிந்தால் தீர்வு எளிது. 1.18 வெளிவந்த ஒரு மாதத்துக்குள், 2022 ஏப்ரலில், கிட் 2.35.2 ஒரு பாதுகாப்புத் திருத்தத்தோடு வெளிவந்தது: களஞ்சியக் கோப்புறையின் உரிமையாளர் வேறு ஒரு பயனராக இருந்தால் கிட் அங்கே இயங்க மறுக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் (தனித்துப் பிரித்த இயங்கு சூழலுக்குள்) முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடும் பில்ட், வெளியே சாதாரணப் பயனருக்குச் சொந்தமான கோப்புறையைப் படிக்கும்போது சரியாக இந்த நிலைதான் ஏற்படுகிறது. கிட் தன் காரணத்தைத் தெளிவாகவே சொல்கிறது, ஆனால் கோ அந்த வரியை விழுங்கிவிட்டு வெளியேற்ற எண்ணை மட்டும் காட்டுகிறது. அதே கோப்புறையில் 'கிட் ஸ்டேட்டஸ்' என்று கொடுத்துப் பார்த்தால் உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியும். கிட் அமைப்பில் அந்தப் பாதையைப் பாதுகாப்பான கோப்புறையாகச் சேர்த்தால் பில்ட் நடக்கும். பிழைச்செய்தி சொல்லும் யோசனையைப் பின்பற்றுவது விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் திருடனைத் தேடுவது போன்றது: பில்ட் நடக்கும், ஆனால் பைனரி தன் மூலத்தைச் சொல்லாது. வெளியீட்டுக்கான பில்ட்டில் அந்த ஃபிளாக்கைப் பார்த்தால் உடனே நீக்கிவிட்டு, மேலே சொன்ன காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

சத்தமில்லாமல் தகவல் விடுபடும் இடங்கள் இதைவிட ஆபத்தானவை. 'கோ ரன்' கட்டளையில் கமிட் தகவல் பதியப்படுவதில்லை. பொதியின் பெயருக்குப் பதிலாகக் கோப்பின் பெயரைக் கொடுத்துப் பில்ட் செய்தாலும் பதியப்படுவதில்லை. டாக்கருக்குள் நகலெடுக்கும் கோப்புகளில் கிட் கோப்புறையை விலக்கிவைப்பது பரவலான பழக்கம். அங்கேயும் ஒன்றும் பதியாது. இயல்பு நிலையில், கிட் கருவியே நிறுவப்படாத சிறிய கன்டெய்னரில் கோ பேசாமல் கடந்துபோகும். பதிவைக் கட்டாயமாக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அது இருந்தால் கருவி இல்லாத நிலையில் பில்ட் நிற்கும். ஆனால் களஞ்சியமே இல்லாத இடத்தில் அதுவும் பிழை சொல்லாது. ஆகவே வெளியீட்டுக்கு முன், உருவான பைனரியை 'கோ வெர்ஷன்' கொண்டு படித்து, கமிட் எண் இல்லாவிட்டாலோ மாற்றங்கள் இருந்தன என்று குறிக்கப்பட்டிருந்தாலோ பில்ட்டை நிறுத்தும் ஒரு படியைச் சேர்த்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையைக் கருவியே செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுத்தமான களஞ்சியத்திலும் 'டர்ட்டி' ஒட்டு வருகிறதென்றால், கிட் அறியாத புதிய கோப்புகளைத் தேடுங்கள். பின்தொடரப்படாத கோப்பும் இங்கே மாற்றமாகவே எண்ணப்படும். பில்ட்டுக்கு முன் உருவாக்கப்படும் குறியீட்டுக் கோப்போ சோதனை அறிக்கையோ புறக்கணிப்புப் பட்டியலில் இல்லாமல் இருப்பதுதான் வழக்கமான காரணம்.

கம்பைலர் சார்ந்த சிக்கல்களைப் பிரித்தறிய இந்தப் பதிவு எவ்வளவு உதவும் என்பதற்கு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரல் நல்ல எடுத்துக்காட்டு. 1.20 பதிப்பிலிருந்து, கணினியில் சி கம்பைலர் இல்லாவிட்டால் கோ தானாகவே சிகோவை அணைத்துவிடுகிறது. பரவலாகப் பயன்படும் எஸ்க்யூலைட் இணைப்பு நூலகம் அப்போதும் பிழையின்றிக் கம்பைல் ஆகும். தரவுத்தளத்தைத் திறக்கும்போதுதான் நிரல் விழும். ஒருவர் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை என்றால் இரண்டு பைனரிகளையும் படித்து, சிகோவுக்கான வரியில் ஒன்று இருக்கிறதா பூச்சியம் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும், காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கம்பைலரின் பதிப்பைப் பற்றிய குழப்பமும் இப்படித்தான் தீர்கிறது. 1.21 முதல், தொகுதிக் கோப்பில் எழுதப்பட்ட கோ பதிப்பு நிறுவப்பட்டதைவிடப் புதியதாக இருந்தால், கட்டளையே அந்தப் பதிப்பைத் தரவிறக்கி இயக்குகிறது. அதனால் ஒரே கணினியில் திட்டத்தின் கோப்புறைக்குள் நின்று பதிப்பைக் கேட்டால் ஒரு விடையும், வெளியே நின்று கேட்டால் வேறு விடையும் வரலாம். அதிகாரபூர்வ டாக்கர் படிமங்களில் இந்தத் தானியங்கி மாற்றம் நிறுத்தப்பட்டிருப்பதால், அங்கே அதே திட்டம் புதிய பதிப்பு தேவை என்று சொல்லி நின்றுவிடும். பைனரியில் பதிந்திருக்கும் கோ பதிப்பு மட்டுமே உண்மையில் எந்தக் கம்பைலர் வேலை செய்தது என்பதற்குச் சாட்சி.

பைனரியை வெளியாருக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிங்கருக்குக் கொடுத்த ஃபிளாக்குகள் முழுவதுமாகப் பதிவில் இடம்பெறும். எனவே கடவுச்சொல்லையோ அணுகுச் சாவியையோ 'எக்ஸ்' ஃபிளாக் வழியாகக் கொடுத்திருந்தால், பைனரியைப் பெறும் எவரும் ஒரே கட்டளையில் அதைப் படித்துவிடலாம். கோப்புப் பாதைகளை நீக்கும் 'ட்ரிம்பாத்' ஃபிளாக்கைச் சேர்த்தால் லிங்கர் ஃபிளாக்குகள் பதிவிலிருந்து நீங்கும், ஆனால் அந்தச் சரம் நிரலின் தரவுப் பகுதியில் இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே அப்படி வெளியிட்டிருந்தால், அந்தச் சாவியை ரத்துசெய்து புதிய சாவி பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.