பகாசுரன் கோட்டை முதல் வெலிங்டன் வரை: பிள்ளைகளோடு நீலகிரியில்

எங்கள் பிள்ளைகள் படிப்பது சிங்கப்பூரில். 1942 பிப்ரவரி 15 அன்று அந்தத் தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்த கதையை அவர்கள் பள்ளியிலேயே கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் போர்க்கதைகளும் தெரியட்டுமே என்றுதான் ஜூன் விடுமுறையில் கோவையிலிருந்து மலையேறினோம். படகுச் சவாரியை இந்த முறை விட்டுவிட்டோம்.

முதல் வேலை இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம், கட்டணம் கிடையாது. உள்ளூர் செல்போன் எண் இல்லையென்றால் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். வாடகை வண்டி பேசிய இடத்தில் "நாங்க எடுத்துடறோங்க" என்றார்கள். எடுக்கவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி ஓரமாக நிறுத்தி நானே பதிந்தேன். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் இருந்தால் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம்.

குன்னூருக்கு அப்பால் இருக்கிறது டிரூக். ஊர்க்காரர்கள் பகாசுரன் கோட்டை என்கிறார்கள். திப்பு சுல்தானின் படை சமவெளியைக் கண்காணித்த காவல் இடம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்துதான் மேலே போக வேண்டும். வழியில் கடையும் கழிப்பறையும் எங்கள் கண்ணில் படவில்லை. மழை ஈரத்தில் அட்டை ஏறும். போகலாமா, அனுமதி வேண்டுமா என்று குன்னூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே மிஞ்சியிருப்பது சிதைந்த சுவர்தான். ஆனால் மஞ்சு விலகி மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விரிந்தபோது, "இங்க நின்னா யார் வந்தாலும் தெரியுமே!" என்றாள் மகள். கோட்டையை ஏன் அங்கே கட்டினார்கள் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் யாருக்கும் போர், எந்த ஆண்டு என்று தமிழில் நாலு வரி எழுதி வைக்க வேண்டிய இடம் அது.

அடுத்த நாள் ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயம். 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து அவரும் இறந்தார். நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. முப்பது ஆண்டு கழித்து இந்த ஆலயத்தைக் கட்டியபோது, திப்புவின் லால்பாக் அரண்மனை மரங்களை மலைமேல் இழுத்து வந்து உத்தரம் போட்டார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தோற்றவர் வீட்டு மரம் ஜெயித்தவர் கூரையைத் தாங்குகிறது. மகன் வெகுநேரம் பேசவே இல்லை. டிரூக்கை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தது நல்லதாகப் போயிற்று. அந்த வரிசையிலேயே போங்கள்.

குன்னூரை அடுத்த வெலிங்டன் என்ற ஊரின் பெயரும் அந்தப் போரோடு ஒட்டியதுதான். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கம்பெனிப் பக்கம் இருந்த ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. இன்று அங்கே மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. ராணுவ இடம் என்பதால் கேட்காமல் எதையும் படம் எடுக்கக் கூடாது. நாங்கள் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி.

1942இல் பர்மாவில் ஜப்பானியரோடு சண்டையிட்டுக் குண்டடி பட்டவர் சாம் மானெக்‌ஷா. பாகிஸ்தானுடனான 1971 போரில் இந்திய ராணுவத் தளபதி. ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம். "சிங்கப்பூர் விழுந்த அதே வருஷமா அப்பா?" என்றான் மகன். அந்தக் கல்லறைக்குப் போக நினைத்தால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது மாலையாகி, வாசல் பூட்டியிருந்தது.