பெர்ஃப்: கவுண்டர்களைக் கர்னலின் பொறுப்பில் விட்ட கருவி

கோதையாற்றுப் பகுதியில் பெய்யும் மழை எந்தச் சரிவு வழியாக, எவ்வளவு நேரத்தில் பேச்சிப்பாறை அணைக்கு வந்து சேரும் என்று கணிக்கும் புரோகிராம் ஒன்றை நாகர்கோவில் கோணத்திலுள்ள எங்கள் சிறு அலுவலகத்தில் எழுதிவருகிறோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால் ஆண்டுக்கு இருமுறை கணக்கு முழுவதையும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் ஓர் இரவை விழுங்கியது. நேரம் எங்கே போகிறது என்று அறிய, பிராசஸருக்குள் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும் வன்பொருள் கவுண்டர்களைப் படித்துக் காட்டும், லினக்ஸுடன் வரும் பெர்ஃப் கருவியை ஆறு மாதமாகப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

பிராசஸர் நூறு சதவீதம் வேலை செய்வதாகவே வழக்கமான கருவிகள் காட்டின. மொத்த எண்ணிக்கைகளைக் காட்டும் 'பெர்ஃப் ஸ்டாட்' கொடுத்த பிறகுதான், ஒரு சுழற்சிக்கு (பிராசஸரின் ஒரு கடிகாரத் துடிப்புக்கு) அரைக் கட்டளைகூட முடியவில்லை என்பதும், பிராசஸருக்குள்ளே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் தேடியது கிடைக்காமல் போன தடவைகள் குவிந்திருக்கின்றன என்பதும் தெரிந்தன. எங்கள் நிலவரைக் கட்டம் 4000 வரிசை, 4000 நெடுவரிசை. ஒவ்வோர் எண்ணும் 8 பைட். சி மொழி அதை வரிசை வரிசையாக நினைவகத்தில் வைக்க, எங்கள் லூப்போ நெடுவரிசை வழியே இறங்கி, ஒவ்வோர் அடிக்கும் 32,000 பைட் தாண்டிக்கொண்டிருந்தது. பிராசஸர் 64 பைட்டை அள்ளி வந்து அதில் எட்டை மட்டும் பயன்படுத்தும். மீதிக்குத் திரும்பி வருவதற்குள் அது முதல்நிலை கேஷிலிருந்து வெளியேறியிருக்கும். இரண்டு லூப்களையும் இடம் மாற்றினோம். இரவெல்லாம் ஓடிய கணக்கு இப்போது மாலைக்குள் முடிகிறது.

இந்தக் கருவியின் உண்மையான பலம் அதன் அடியிலுள்ள கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வடிவமைப்பில்தான் இருக்கிறது. முன்பு பெர்ஃப்சிடிஆர், பெர்ஃப்மான்2 போன்ற பழைய கவுண்டர் அமைப்புகளைக் கர்னலுக்குத் தனி ஒட்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எந்த நிகழ்வை எந்தக் கவுண்டர் பதிவேட்டில் எண்ணுவது என்ற முடிவைப் பெர்ஃப்மான்2 பயனர் பக்க நூலகத்திடம் விட்டது. 2009இல் 2.6.31 பதிப்புடன் கர்னலுக்குள் வந்த பெர்ஃப் அமைப்பு அந்த முடிவைக் கர்னலிடமே வைத்தது. நாம் நிகழ்வின் பெயரைச் சொன்னால் போதும். கர்னல் கவுண்டரை ஒரு கோப்பைப் போலத் திறந்து கொடுக்கிறது, படித்துவிட்டு மூடிவிடலாம். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கவுண்டரும் கூடவே மாற்றி வைக்கப்படுவதால், பக்கத்துப் புரோகிராமின் எண்ணிக்கை நம்முடையதில் கலப்பதில்லை. பலர் பகிரும் இயந்திரத்தில் இதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பல இன்டெல் பிராசஸர்களில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோர் இரண்டு த்ரெடுகளாக வேலை செய்யும் வசதி) இயங்கும்போது ஒரு த்ரெடுக்குப் பொதுக் கவுண்டர்கள் நான்குதான். கணினி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் கர்னலின் வாட்ச்டாக்கும் ஒரு கவுண்டரைப் பிடித்துக்கொள்வதுண்டு. பத்து நிகழ்வு கேட்டால் கர்னல் முறை வைத்து எண்ணி, எண்ணாத நேரத்துக்கும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும். களியக்காவிளையில் நிற்கும் ஒருவர் அரைமணி நேரம் லாரியையும் அடுத்த அரைமணி பஸ்ஸையும் எண்ணி, இரண்டையும் இரட்டிப்பாக்கிச் சொல்வது போன்றது இது. போக்குவரத்து சீராக இருந்தால் சரி; பள்ளி விடும் நேரத்தில் கணக்கு தப்பும். எங்கள் புரோகிராமும் சீராக ஓடுவதில்லை; முதலில் கோப்பைப் படித்து, பிறகு கணக்கிட்டு, கடைசியில் எழுதுகிறது. வரியின் வலது ஓரத்தில் அடைப்புக்குள் சிறிதாக நிற்கும், நிகழ்வு உண்மையில் எண்ணப்பட்ட நேரத்தின் சதவீதத்தைக் கவனிக்காமல், இரண்டு வாரம் தவறான இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம். மதிப்பீட்டு எண்ணை நேரடி எண்ணிலிருந்து வேறுபடுத்தி முன்னால் காட்டியிருக்க வேண்டும். கருவியின் பெரிய குறை இதுவே. ஒப்பிட வேண்டிய நிகழ்வுகளை நெளிவு அடைப்புக்குள் ஒரே குழுவாகக் கொடுத்தால் கர்னல் அவற்றைச் சேர்த்தே எண்ணுகிறது. இப்போது நாங்கள் அப்படித்தான் கேட்கிறோம்.

நிகழ்வுகள் புரோகிராமின் எந்த வரியில் நடக்கின்றன என்று மாதிரி எடுக்கும் 'பெர்ஃப் ரெக்கார்ட்' எடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. கவுண்டர் நிரம்பி இடையீடு (பிராசஸரை நிறுத்தி இடத்தைக் குறிக்கச் சொல்லும் சமிக்ஞை) வருவதற்குள் பிராசஸர் சில கட்டளைகளைத் தாண்டிவிடுவதால், பழி அடுத்த வரியின் தலையில் விழும். இன்டெல் பிராசஸரில் நிகழ்வின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியுடன் இரண்டு 'பி' சேர்த்தால் இடம் பெரும்பாலும் துல்லியமாக வருகிறது.

வாடகை மெய்நிகர் இயந்திரத்தில் அளக்க நினைப்போர் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். நாங்கள் எடுத்த ஒன்று கவுண்டர்களை உள்ளே காட்டவே இல்லை. எண்கள் வர வேண்டிய இடத்தில் ஆதரவில்லை என்ற வரிகளே வந்தன. ஒரு மாத வாடகையைக் கட்டிவிட்டு, பழைய மேசைக் கணினியிலேயே அளவெடுத்தோம்.