பல் எக்ஸ்ரே: ஃபிலிமா, டிஜிட்டலா?

பல்லை முதன்முதலில் எக்ஸ்ரே படம் எடுத்தது 1896இல், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப். ஒரு படத்துக்கு 25 நிமிடம் கதிரில் இருக்க வேண்டியிருந்தது. இன்று நொடியில் சிறு பங்கு போதும்.

ஃபிலிமில் எடுத்தால் இருட்டறையில் டெவலப்பர், ஃபிக்ஸர் என்ற ரசாயனங்களில் முக்கிக் கழுவிக் காயவைக்க வேண்டும். சில நிமிடங்கள் ஆகும். படம் மங்கலாக வந்தால் மறுபடியும் வாயைத் திறக்க வேண்டியதுதான், மறுபடியும் கதிர். கழிவாக வெள்ளி கலந்த ரசாயனமும் ஃபிலிம் உறைக்குள் இருக்கும் ஈயத்தாளும் மிஞ்சும்.

டிஜிட்டலில் ஃபிலிமுக்குப் பதில் படம் பிடிக்கும் சென்சார் என்ற சிறு கருவியைக் கடித்த சில நொடிகளில் படம் திரையில் வந்துவிடும். கதிரின் அளவும் குறைவு. அதிகக் கதிர் கேட்கும் பழைய மெதுவான ஃபிலிமோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அரிசிமுனை அளவுக் கருநிழலைப் பெரிதாக்கி, "சொத்தை இங்கேதான் தொடங்குகிறது, பாருங்கள்" என்று டாக்டர் காட்டும்போது, வலியே இல்லாத பல்லுக்கு ஏன் சிகிச்சை என்பது நமக்கே புரிந்துவிடும். போன வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சரி, ஃபிலிமுக்குச் சாதகமாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது மெலிசு, கொஞ்சம் வளையும். சென்சார் தடிமனானது, வளையாது. சின்ன வாயுள்ள குழந்தைகளுக்கு உறுத்தும், குமட்டும். அவர்களுக்கு மெல்லிய பாஸ்பர் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் டிஜிட்டல்தான், ஸ்கேனரில் படிக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.