பெல்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம்: டம்மி டக்கும் கோத்த நீரும்

சென்ற வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது தோழி ஒருத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க போட்டிருந்த பெல்ட் எங்க வாங்குனீங்க, நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். என்னைப் போலவே இரண்டு சிசேரியன் கண்டவள். தளர்ந்த வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கித் தைக்கும் டம்மி டக் அறுவைக்குக் கோயம்புத்தூரில் நாளும் குறித்துவிட்டாள். அவள் கேட்டது, அதே அறுவைக்குப் பின் நான் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட்டைப் பற்றி. இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்க வேண்டிய பதில் சாப்பாட்டு நேரம் முழுவதையும் விழுங்கியும் தீரவில்லை. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்டாமினோபிளாஸ்டி (டம்மி டக்கின் மருத்துவப் பெயர்) என்றால் என்ன, தழும்பு எங்கே வரும், எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது என்பதும், பொதுவான மருத்துவச் சிகிச்சைக்கு இல்லாத 18 சதவீத ஜி.எஸ்.டி. இதற்கு உண்டு என்பதும் பில் கைக்கு வரும்போது எப்படியும் தெரிந்துவிடும். இரண்டு பிரசவத்தில் இரண்டு பக்கமாக விலகிப்போன வயிற்றுத் தசையை இழுத்துத் தைப்பது அழகு வேலைதானா என்று பணம் கட்டும் இடத்தில் நின்று வாதாடிப் பார்த்தேன். பில் மாறவில்லை.

பெல்ட்டுக்கு வருகிறேன். ஒன்பது அங்குல அகலம், எலாஸ்டிக் துணி, முன்பக்கம் வெல்க்ரோ, முதுகுப் பக்கம் உள்ளே செருகிய பிளாஸ்டிக் தண்டுகள். நிற்கும்போது அது குற்றமற்ற பொருள். உட்கார்ந்த மறு நிமிடமே மேல் விளிம்பு விலா எலும்புக்குக் கீழே பாய் சுருள்வதைப் போலச் சுருண்டுகொள்ளும். கீழ் விளிம்பு மேலேறித் தையல் கோட்டின் மீதே வந்து அமரும். எழுந்து, பிரித்து, மறுபடி கட்ட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம், பக்கத்து அறையில் தூங்கும் மாமனாரை எழுப்பிவிடும் அளவுக்கு இருந்தது. மூன்றாம் வாரத்தில் வெல்க்ரோவின் கொக்கிகளில் நைட்டியின் பஞ்சும் தலைமுடியும் அடைத்துக்கொண்டு பிடிமானம் போனது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி ஓட்டினேன். இதில் என் பிழையும் உண்டு. அறுவைக்கு முன்பே இடுப்பை அளந்து வாங்கி வைத்துவிட்டதால், வீக்கம் சற்று வடிந்த பிறகு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டன. சூடான தண்ணீரில் துவைத்து எலாஸ்டிக்கைத் தளரவிட்டதும் நான்தான்.

இந்தக் குறைகளையெல்லாம் மன்னித்துவிடலாம். என் கோபம் வேறொன்றில் இருக்கிறது. பெல்ட் இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்ப வைத்துவிடுகிறது. எனக்கு வயிற்றில் நீர் கோத்தது அந்த நம்பிக்கைக்கு அடியில்தான்.

அந்த நீருக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் சீரோமா. இந்த அறுவையில் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை உரித்துத் தூக்கி, மிகுதியை வெட்டிவிட்டு, கீழே இழுத்துத் தைக்கிறார்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவே, இன்னும் ஒட்டாத அகலமான இடைவெளி ஒன்று உண்டாகிறது. அறுபட்ட நிணநீர்க் குழாய்களிலிருந்தும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்தும் கசிவது அந்த இடைவெளியில்தான் தேங்கும். குனிந்தாலும் திரும்பினாலும் தோல் தசையின்மீது வழுக்கி நகரும். நகர்ந்தால் ஒட்டாது, ஒட்டாதவரை கசிவு நிற்காது. இந்த அறுவைக்குப் பிறகு வரும் தொல்லைகளில் அதிகம் காணப்படுவது இதுதான் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவள், வருவது எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

கசிவை வெளியேற்ற இரண்டு டிரெயின் குழாய்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் துருத்தியைப் போன்ற ஒரு டப்பா; அமுக்கிப் பிடித்து மூடினால் வெற்றிடம் உண்டாகி உள்ளிருப்பதை உறிஞ்சும். நைட்டிக்குள் இரண்டு டப்பாக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதைவிட அருவருப்பானது உலகில் இல்லை என்று அன்று எண்ணினேன். ஆனால், கணக்கெழுதிப் பிழைப்பவள் என்பதால் அளவுக் குவளையும் நோட்டுப் புத்தகமும் எனக்குப் பிடித்துப்போயின. காலையும் மாலையும் வலது, இடது என்று இரண்டு பத்திகள். முதல் நாள் வலது 110 மில்லி, இடது 95. ஐந்தாம் நாள் 60, 55. நிறமும் எழுதி வைத்தேன்: முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு நீர்த்த ரோஸ்மில்க், கடைசியில் சீரகத் தண்ணீர். குழாயில் ரத்தக் கட்டி அடைத்தால் தோலருகே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் கீழ்நோக்கி உருவிவிட வேண்டும் என்பதை வார்டில் ஒரு நர்ஸ் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு வித்தைக்கே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இருபத்து நான்கு மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால்தான் குழாயை எடுப்பது என்பது பரவலான வழக்கம். எட்டாம் நாள் என் வலது பக்கம் 25, இடது பக்கம் 45. அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. குழாயோடு பந்தியில் உட்கார முடியாது என்று நான் கெஞ்சியதில் மருத்துவர் இரண்டையும் எடுத்துவிட்டார். அவர் மறுத்திருக்க வேண்டும் என்று பல மாதங்கள் பொருமிக்கொண்டிருந்தேன். கெஞ்சியவள் யார் என்ற கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது.

காதுகுத்தில் என்னைப் பார்த்த அத்தனை பெரியவர்களும் ஒரே குரலில் பேசினார்கள். அம்மா, "கண்ணு, இன்னுங் கொஞ்சம் இறுக்கிக் கட்டு, அப்பத்தான் வயிறு வத்தும்" என்றார். பிள்ளை பெற்ற வயிற்றைப் பழைய நூல் சேலையால் வரிந்து கட்டிய கைகள் அவை. அவருடைய நம்பிக்கை வந்த வழி எனக்குப் புரியும். ஆனால், தோலை உரித்துத் தைத்த வயிறும் பிரசவ வயிறும் ஒன்றல்ல. தையலுக்குச் சற்று மேலே, நடுப்பகுதியில்தான் ரத்த ஓட்டம் மிகவும் மெலிந்திருக்கும். அங்கே அளவுக்கு மீறி இறுக்கினால் தோலே கருகிப்போக வாய்ப்புண்டு. கால்களிலிருந்து ரத்தம் மேலேறுவதும் தடைப்படும். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் அம்மா சொன்னதைக் கேட்டேன்.

பதினேழாம் நாள், முதல் முறையாகத் தலைக்கு ஊற்றிக் குளிக்கக் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெல்ட்டைக் கழற்றினேன். சொம்புக்குக் கை நீட்டியபோது தொப்புளுக்குக் கீழே ஏதோ ஒன்று, நான் அசைவதை நிறுத்திய பிறகும் நிற்காமல், தானாக அசைந்தது. இடது பக்கம் விரலால் தட்டினேன். வலது பக்கம் வைத்திருந்த உள்ளங்கையில் அலை வந்து மோதியது. முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையில் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதைப் போல இருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "வீக்கம் ஆறு மாசம் இருக்குங்க மேடம், பெல்ட்டை மட்டும் கழட்டாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வீக்கம் இருந்த இடத்தில் கெட்டியாக இருக்கும். தட்டினால் அலையடிக்காது, எழுந்து நின்றால் கீழே இறங்கித் தொங்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் போன் எடுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

மறுநாள் ஈரோட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் பயணித்துக் கோயம்புத்தூர் போய் மருத்துவரை நேரில் பார்த்தேன். அவர் தட்டிப் பார்த்த மாத்திரத்தில் ஊசியைக் கேட்டார். 50 மில்லி சிரிஞ்சும் தடித்த ஊசியுமாக வருவதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அறுவைக்குப் பின் அந்தப் பகுதி மரத்துக் கிடந்ததால், குத்தியது யாருடைய வயிற்றிலோ என்பதைப் போல எதுவுமே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் தட்டில் சீரகத் தண்ணீர் நிறத்தில் 180 மில்லி. நான்கு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை: 140, 150, 90, 60, 30, 10. மூன்றாவது தடவை குறையாமல் கூடியதற்குக் காரணம் கேட்டபோது, அந்த வாரம் நான் வேலைக்குத் திரும்பி நாளெல்லாம் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏழு முறை, மொத்தம் 660 மில்லி. அப்படியே விட்டிருந்தால் நீரைச் சுற்றிச் சவ்வு கெட்டியாகி ஒரு பையாகவே மாறிவிடும், பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கலங்கிய நீர், காய்ச்சல், தோல் சிவந்து சூடாவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் அழுத்திச் சொன்னார்.

இதற்கிடையே வீட்டில் வாழைத்தண்டுச் சாறும் நீர்முள்ளிக் கஷாயமும் வரிசையாக வந்தன. நீரைப் பிரிக்கும் மருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் பிரிக்கும். தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் இந்த நீர் அதற்கு மசிவதில்லை. அத்தையின் மனம் நோகக் கூடாது என்று சாறு இரண்டு முறை குடித்தேன். நோட்டில் மாற்றம் ஏதும் பதிவாகவில்லை. நர்ஸாக இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, வீட்டிலேயே ஊசி போட்டு எடுத்துவிடலாம், எதற்குக் கோயம்புத்தூர் வரை அலைய வேண்டும் என்றார். நல்ல மனம்தான், ஆனால் கிருமி உள்ளே போனால் அந்தத் தேக்கமே சீழாகிவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

நீர் கோப்பதைத் தடுக்க அறுவையின்போதே வழி உண்டு என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தோலையும் தசையையும் ஆங்காங்கே மெத்தை தைப்பதைப் போலச் சேர்த்துத் தைத்துவிட்டால் நீர் தேங்க இடமிருக்காது. பிரேசில் மருத்துவர் பரூடி 1998-இலும், அமெரிக்காவில் போலக் என்ற பெயருடைய இரண்டு மருத்துவர்கள் 2000-இலும் இந்த முறைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தசைக்கு மேலுள்ள மெல்லிய அடுக்கை உரிக்காமல் விட்டுவைப்பதும் உதவுகிறது. பெல்ட் நீர்கோப்பைத் தடுக்கிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தே இல்லை. ஆகவே தோழியிடம், பெல்ட் எந்தக் கடை என்று என்னைக் கேட்பதற்கு முன், தையல் எந்த முறை என்று மருத்துவரைக் கேள் என்றேன்.

நான் எதிர்பாராமல் மகிழ்ந்த பொருட்கள் இரண்டு. இரண்டும் மருந்துக் கடையில் கிடைப்பவை அல்ல. ஒன்று, பெல்ட்டுக்கு அடியில் அணிந்த கையில்லாத நீளமான திருப்பூர் பனியன். அரிப்பு, வியர்வை, தையலில் உராய்வு எல்லாம் அதோடு தீர்ந்தன. மற்றொன்று, பரணிலிருந்து இறக்கிய தாத்தாவின் ஈஸி சேர். இடுப்பை மடக்கி, முழங்காலை உயர்த்தித் தூங்க வேண்டும் என்று சொல்லி, கட்டிலில் ஐந்து தலையணைகளை அடுக்கி இரவெல்லாம் சரிந்துகொண்டிருந்தவளுக்கு, அந்தக் கித்தான் துணியில் சாய்ந்து, காலடியில் ஒரு ஸ்டூலையும் போட்டுக்கொண்டபோது முதல் நாளே ஆறு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இதற்குத் தாராளமாக ஐந்து நட்சத்திரம் தருவேன்.

பெல்ட்டுக்கு இரண்டுதான். இவ்வளவு திட்டிவிட்டு, தோழியிடம் இரண்டு வாங்கிக்கொள் என்று சொன்னேன். ஒன்றைத் துவைத்துக் காயவைக்கும்போது மற்றொன்று வேண்டும், இரண்டாவதை ஓர் அளவு சிறியதாக, அறுவைக்குப் பிறகு வாங்க வேண்டும். அது இல்லாமல் முதல் இரண்டு வாரம் இருமவோ எழுந்து நிற்கவோ முடிந்திருக்காது என்பதையும் சொல்லாமல் விட்டால் பாவம். நாள்தோறும் ஒருமுறை கழற்றிவிட்டுத் தட்டிப் பார், அளவுக் குவளையில் 30-க்குக் கீழே வராமல் எந்த விசேஷத்துக்காகவும் குழாயை எடுக்கச் சொல்லாதே என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்க பழைய பெல்ட்டையே குடுத்துருங்களே, சும்மாத்தான இருக்குது?" என்றாள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் காரில் பழநிக்குப் போகிறோம். நெடுநேரம் உட்கார்ந்து போகும்போது இடுப்புக்கு அது இல்லாமல் எனக்கு முடியாது.