மிக்ஜாமில் மூழ்கிய டெஸ்க்டாப்: கழுவிய நாளும் பிந்தைய மாதங்களும்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தரையில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது சென்னைப் பகுதியில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத் தரைத்தள வீடுகளில் முதலில் மூழ்கியதும் அதுதான். இப்போதைய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பெட்டி, அடியில் உட்காருகிறது. எனவே முதல் பலி அது. அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு மதர்போர்டு. மேஜை மேல் இருந்த மானிட்டர் தப்பித்துக்கொண்டது. இப்படி மூழ்கியதைக் கழுவி ஓட்டினால் எது நிற்கிறது, எது ஏமாற்றுகிறது என்று எழுதுகிறேன். காயவைத்ததும் ஆன் ஆகிவிட்டால் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். நனைந்த போர்டின் நிஜமான தொல்லை பல சமயம் சில மாதம் கழித்துத்தான் தலைகாட்டும்.

தண்ணீர் மட்டும் போர்டைக் கொல்வதில்லை. வெள்ளநீரில் சாக்கடை, உப்பு, களிமண் எல்லாம் இருக்கும். அதோடு கரண்ட்டும் சேர்ந்தால் செம்பு கரைந்து சிப்பின் ஒரு காலிலிருந்து பக்கத்துக் காலுக்குப் பாலம் போட்டுவிடும். “ஷட்டவுன் பண்ணித்தானே வைத்திருந்தோம்” என்பார்கள். பிளக்பாயின்ட் ஆனில் இருந்தால் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற காத்திருப்பு மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் ஏரியாவில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் பேட்டரி தீரும்வரை வரும். இரண்டையும் பிடுங்கினாலும் போர்டில் நாணயம் போல ஒரு சிஆர்2032 செல் 3 வோல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறதே! செல் ஹோல்டரைச் சுற்றிப் பச்சை பூப்பது அதனால்தான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேபினட்டைத் தூக்குங்கள். திறந்ததும் முதல் வேலை அந்தச் செல்லைக் கழற்றுவது.

எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கும்போது உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிஎஃப்சி என்ற பவர் ஃபேக்டர் திருத்தச் சுற்று உள்ளதில் 380 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இறங்காமல் இருக்கலாம், பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. காயில்களுக்கு அடியில், பசைக்குள் புகுந்த சேற்றை எடுப்பதும் நடக்காத காரியம். அது ஓடினாலும் ஓடும். ஒரு நாள் வெடிக்கும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். மூழ்கிய எஸ்எம்பிஎஸ் குப்பைக்கு. மூழ்கிய ஃபேன்களும் அப்படியே. பேரிங்கில் இருந்த எண்ணெய் போய் மண் சேர்ந்திருக்கும், சில வாரத்தில் கரகரக்க ஆரம்பித்துவிடும்.

போர்டைக் கழுவ வேண்டியது சேறு காய்வதற்கு முன். ராம், கார்டு, பிராசஸர், ஹீட்சிங்க் எல்லாம் கழற்றியாக வேண்டும். பலர் விட்டுவிடுவது பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி மேல் இருக்கும் சின்ன ஹீட்சிங்கையும், போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியின் மூடியையும். அவற்றின் தெர்மல் பேடுக்கு (சூடு கடத்தும் மெத்தைக்கு) அடியில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 1 லிட்டர், மிருதுவான பழைய டூத்பிரஷ் இரண்டு இருந்தால் போதும். பிளாஸ்டிக் டிரேயில் 2 லிட்டர் தண்ணீர் விட்டுப் போர்டை அமிழ்த்தி பிரஷ்ஷால் தேயுங்கள், கலங்கியதைக் கொட்டிவிட்டு இன்னொரு 2 லிட்டர். மீதி ராமுக்கும் கார்டுக்கும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படியும். பிறகு அரை லிட்டர் ஆல்கஹாலைச் சிப்புகளின் அடியிலும் ஸ்லாட்டுகளுக்குள்ளும் பாயும்படி சாய்த்து ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதியைக் கொண்டு இன்னொரு முறை.

பிராசஸர் சாக்கெட்டில் பிரஷ் படக் கூடாது. இன்டெல் எல்ஜிஏ சாக்கெட்டில் பிராசஸரைத் தொடும் கம்பிகள் மயிரிழை போல. ஒன்று வளைந்தாலும் ராம் ஒன்றைக் காணோம் என்ற மாதிரி விநோதக் கோளாறுகள் வரும். அங்கே ஆல்கஹாலை ஊற்றிச் சாய்ப்பது, ஊதுவது, அவ்வளவுதான். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, பிசுபிசுப்பு தங்கிவிடும். பெயின்ட் தின்னர் சாக்கெட் பிளாஸ்டிக்கையே இளக்கக்கூடியது. எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட போர்டுக்கு முதல் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விடாமல் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு அலசுவது மூன்று முறையாவது.

டிசம்பர் ஈரக்காற்றில் காயவைப்பது தனிப்பாடு. ஆல்கஹால் தீப்பிடிக்கும், எனவே வாடை முழுதாகப் போகும்வரை சில மணி நேரம் திறந்த இடத்தில், அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத பக்கம் வையுங்கள். பிறகு அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அட்டையில் படாமல் ஒரு அடி தள்ளி மாட்டி 24 மணி நேரம். எல்இடி பல்புக்கு அந்தச் சூடு கிடையாது. உள்ளே 45, 50 டிகிரிக்கு மேல் ஏற வேண்டாம், பெட்டியில் நாலு துளை போடுங்கள், ஆள் பார்வையிலேயே இருக்கட்டும். மொத்தத்தில் 48 மணி நேரத்துக்குள் கரண்ட் கொடுக்காதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் தவிடு ஸ்லாட்டுக்குள் போகும், வேறு பலன் இல்லை. ஹேர்டிரையரைக் கிட்டத்தில் பிடித்தால் ஈரம் சிப்புக்கு அடியில் தள்ளப்படும்.

ஹார்டு டிஸ்க்கில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளின் மூடியில் காற்றுக்கென்று ஒரு சிறு துளை இருக்கும், பக்கத்திலேயே ‘மூடாதே’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூழ்கியபோது தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போயிருக்கலாம். உள்ளே பிள்ளைகளின் போட்டோவோ கடைக் கணக்கோ இருந்தால் காயவைக்கவும் வேண்டாம், ஆன் செய்யவும் வேண்டாம். ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். சேறு உள்ளே சுழலும் தட்டில் காய்ந்து ஒட்டினால் அதைப் படிக்கும் தலை உரசும், அதோடு கதை முடிந்தது. எஸ்எஸ்டி அவ்வளவு நோஞ்சான் இல்லை. கேஸைப் பிரித்து ஆல்கஹாலில் அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும் முதல் காரியம் உள்ளிருப்பதை வேறிடத்துக்கு மாற்றுவது.

கரண்ட் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் போர்டின் 24 பின் சாக்கெட்டில் 12, 5, 3.3 வோல்ட், ஸ்டாண்ட்பை ஆகிய பின்களை ஒவ்வொன்றாகக் கிரவுண்டோடு அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எங்கோ ஷார்ட், மேற்கொண்டு போகாதீர்கள். பிராசஸருக்கு மின்சாரம் போகும் விகோர் காயிலில் சில ஓம் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்து மிரள வேண்டாம். புது எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம்.

முதல் முறை ஓட்டுவது கேபினட்டுக்கு வெளியே, அட்டை மேல்: போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், ஆன்போர்டு டிஸ்ப்ளே. ராமின் தங்கக் கால்களை வெள்ளை ரப்பரால் தேய்த்து ஆல்கஹாலில் துடைத்திருக்க வேண்டும். பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் எழும். ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றால் ஷார்ட்டைத் தேடுங்கள். கேபினட்டில் மாட்டிய பிறகு சரியாக நாலு வினாடியில் அணைந்தால் முன்பக்க ஸ்விட்ச் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வயரைப் பிடுங்கிப் பார்க்காமலே போர்டு போச்சு என்று சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவுக்கு ஓடியவர்கள் உண்டு. எழுந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு சுற்று, பிறகு ஒரு மணி நேரம் பிராசஸருக்கு முழு லோடு.

இனி மாதக்கணக்கு. முதலில் கைகொடுக்காமல் போவது பின்பக்க போர்ட்டுகள். லேன் 1000 எம்பிபிஎஸ்ஸில் இருந்தது திடீரென்று 100க்கு இறங்கினால், கேபிளை மாற்றியும் ஏறாவிட்டால், போர்ட்டின் உள்ளே ஒரு ஜோடிக் கம்பி அரித்துவிட்டது என்று பொருள். ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் தேவை, நூறுக்கு இரண்டே போதும். இதற்காகப் போர்டைப் பிரிக்க வேண்டாம், ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரோடு விட்டுவிடலாம்.

அடுத்தது டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற வரி. சிஆர்சி பிழைகளின், அதாவது டேட்டா போகும் வழியில் கெட்ட தடவைகளின், எண்ணிக்கை அது. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளோ அதன் சாக்கெட்டோ அரித்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் இந்த எண் ஏறும். கேபிளை மாற்றினால் ஏறுவது நிற்கும், ஏறியது இறங்காது. எனவே தேதி போட்டு எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. சி5 ஏறுவது வேறு சங்கதி, அது தட்டில் உள்ள கோளாறு.

எனக்கு மிகவும் நம்பகமாகப் படும் சோதனை அந்தச் சின்ன செல்தான். புது சிஆர்2032 ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி தாங்கும். நல்ல போர்டு சில மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும், எனவே ஆண்டுக்கணக்கில் வரும். புது செல் மூன்றே மாதத்தில் தீர்ந்து கம்ப்யூட்டரின் தேதி தப்பினால் கசிவு கிட்டத்தட்ட 100 மைக்ரோஆம்பியர், அதாவது சவுத்பிரிட்ஜ் என்ற சிப்பின் அடியில் உப்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு முறை ஆல்கஹாலில் அலசினால் சில போர்டுகள் சரியாகின்றன. ஆகாததை, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் சிப் லெவல் சர்வீஸ்காரரிடம் தரலாம், ஆனால் போர்டின் வயதையும் பாருங்கள். ஏழெட்டு வருஷப் போர்டுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

மழைக்காலம் திரும்பும்போது இன்னொரு வேடிக்கை. ஒரு வாரம் அணைத்து வைத்த மெஷின் முதல் அழுத்தலில் எழாது, நாலைந்து முறை முயன்றால் எழும், எழுந்தபின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். மிச்ச உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிகிறது, ஓடும் சூட்டில் காய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தினம் அரை மணி நேரமாவது ஓடவிட்டால் இந்தத் தொல்லை குறையும். பில் போடும் கவுன்டருக்கோ ஒரே பிரதி இருக்கும் கோப்புகளுக்கோ இந்த மெஷினை வைக்காதீர்கள். பிள்ளைகள் படிக்க, படம் பார்க்கத் தாராளமாக ஓடும்.

வெள்ளத்துக்குப் பிறகு இவை செகண்ட்ஹேண்டிலும் வரும். துடைத்துப் பளபளவென்று இருக்கும், விலையும் மலிவாக இருக்கும். டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ் ஃபேன் வழியாக உள்ளே பாருங்கள், காயில் ஓரத்தில் மெல்லிய மண்கோடு தெரியும். போர்டின் ஸ்டிக்கர் ஓரங்களில் பழுப்புக் கறை, ஸ்க்ரூ குழிகளில் வெள்ளைப் பூப்பு, பின்பக்கத் தகட்டில் மடிப்புக்குள் மட்டும் துரு. மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போர்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்; பிராசஸரும் ராமும் ஓட்டிக் காட்டினால் அவற்றுக்கு மட்டும் விலை பேசலாம்.